ஆறாவது நாற்காலி

மூட்டை தூக்கி எனக்கு வலி வந்ததே இல்லை. தட்டு தூக்கி வந்தது. இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே, நரம்பைப் பிடித்து இழுப்பது போல. ஒன்பது வாரம் நின்றபடியே சாப்பிட்டதற்குக் கிடைத்த கூலி அது. இன்றைக்கும் மழை நாளில் வலிக்கும்.

இது நடந்தது. எனக்கு நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதில் நான் நல்லவனாகவும் வரவில்லை. பொய் சொல்கிறவன் தன்னை நல்லவனாக வைத்துத்தான் சொல்வான்.

அப்பா சரக்குக் கிடங்கில் சுமை தூக்குகிறவர். பத்தாவது முடித்த விடுமுறையிலிருந்து நானும் தூக்கினேன். சிமெண்ட், உரம், சர்க்கரை. பேய் பிசாசுக்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. மதியம் மணி அடித்தால் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து சாப்பாடு. புதிதாக ஒருத்தன் டப்பாவோடு வந்து நின்றால் யாரும் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். "தள்ளிக்கடா, அவனும் உக்காரட்டும்" என்பதோடு சரி. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்.

நல்ல மார்க் வந்தது. வெளி மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்பும் விடுதியும் இலவசம். முதல் நாள் சீனியர்கள் வாசலிலேயே நின்று சிரித்த முகத்தோடு கைகொடுத்தார்கள். எது வேண்டுமானாலும் கேள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். மெஸ் சுவரிலும் அதையே ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த எழுத்துக்குக் கீழேதான் நான் ஒன்பது வாரம் நின்று சாப்பிட்டேன்.

விஷயம் இதுதான். மெஸ்ஸில் மேசைக்கு ஆறு நாற்காலி. சாப்பாடு வாங்கப் போகும் முன்பே நாற்காலியில் பையோ பாட்டிலோ சாவியோ போட்டுவிடுவார்கள். அங்கே உட்காரப் போனால் தலை நிமிராமல் சொல்வார்கள். "ஆள் இருக்கு." அந்த ஆள் கடைசிவரை வர மாட்டான். அவர்கள் சாப்பிட்டு, அரட்டை அடித்து, பையை மாட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். சண்டை இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மூஞ்சியில் குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருப்பேன். பையை என்ன செய்வது?

அவர்கள் மொழி எனக்குப் பாதிதான் வந்தது. நான் வாயைத் திறந்தால் சிரிப்பு. என் மொழி பேச அந்த விடுதியில் இன்னொருத்தன் கிடையாது. அறிவிப்புப் பலகையில் இருந்த பட்டியலை ஊரும் பேருமாக இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்பாவின் வேலை தெரிந்த அன்றே எனக்குப் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். சிமெண்ட்.

அம்மாவுக்குப் போனில் தினமும் ஒரே கேள்வி. என்ன சாப்பிட்டாய் என்பது இல்லை. "யாரோடப்பா சாப்ட்ட?"

கூடப் படிக்கிற பையன்களோடு என்பேன். ஒருநாள் அப்பா போனை வாங்கி, முடியாவிட்டால் வந்துவிடு, மூட்டை எங்கேயும் ஓடிப்போகவில்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டலாகக் கேட்டது. பத்தாவது வாரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டுக் கிடங்குக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். ஒரு நாற்காலிக்காகவா என்று தோன்றும். மூன்று வேளையும் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பத்தாவது வாரம். புதன்கிழமை. ஜன்னலோர மேசைக் கூட்டத்துக்கு ஒருத்தன் தலைவன். மூன்றாம் ஆண்டு. எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவனுடைய இரும்பு அலமாரியை மேல் மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி, படித் திருப்பத்தில் அதைச் சிக்கவைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து முதுகில் சாய்த்துக்கொண்டு தனியாக ஏற்றிவிட்டேன். கேப்டன் என் தோளில் தட்டினான்.

"சிமெண்ட், ராத்திரி நம்ம டேபிளுக்கு வா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஒன்பது வாரம் மனிதனாக நின்றபோது இல்லாத இடம், மாடாக அலமாரி சுமந்ததும் வந்துவிட்டது. நானும் வாலை ஆட்டிக்கொண்டு போனேன்.

இரவு 7.40. மேசையில் அவர்கள் நாலு பேர். ஐந்தாவது நான். ஆறாவது நாற்காலி என் இடது பக்கம், காலியாக. கேப்டன் தன் பையை என்னிடம் நீட்டினான்.

"பக்கத்துல வச்சுக்க. எவனாவது கேட்டா என்ன சொல்லணும்னு தெரியும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அலமாரியைவிட அந்தப் பை கனத்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். கனக்கவே இல்லை.

7.52. எதிர்ச்சுவரில் கடிகாரம், அதனால் தெரியும். என் இடது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

ஒல்லியான பையன். என் வயதுதான் இருக்கும். சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான். வெளியே நல்ல குளிர், அவன் நெற்றி முழுக்க வியர்வை. இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்திருந்தான். தட்டில் சோறு. ஓரத்தில் ஒரு முழு முட்டை.

"இங்க உக்காரலாமா?"

கேப்டன் என்னையே பார்ப்பது போல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆள் இருக்கு."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா... ஒன்பது வாரம் கேட்டுக் கேட்டு உச்சரிப்புகூடப் பிசகவில்லை.

"சரி. அப்புறம் வரேன்."

கோபம் இல்லை அந்தக் குரலில். பழகிப்போன குரல்.

கேப்டன் கேட்டான். "யார்கிட்ட பேசற, சிமெண்ட்?"

நான் திரும்பினேன். யாரும் இல்லை. வாசல் அங்கிருந்து முப்பது அடி. அதற்குள் போயிருக்க முடியாது. ஒத்திகை பார்க்கிறான்டா என்று ஒருத்தன் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. சரி, கேலி செய்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். நம்மையும் சேர்த்துக்கொண்டு கேலி செய்கிறார்களே என்று பெருமை வேறு.

8.35. படியேறினேன். என் அறை மூன்றாம் மாடியில் கடைசி. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, நான் ஒருத்தன். இன்னொரு கட்டில் ஏன் காலி என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

முதல் மாடித் திருப்பத்தில்தான் அது உறைத்தது.

முட்டை.

மெஸ்ஸில் முட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இன்று புதன்.

எங்காவது வெளியில் வாங்கியிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். கால் மட்டும் வேகமாக ஏறியது.

இரண்டாம் மாடி. இன்னொன்று உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அவன் கேட்டது என் மொழியில்.

என் வீட்டில் பேசுகிற மொழியில். பத்து வாரமாக நான் போனில் தவிர வேறெங்கும் கேட்காத மொழியில்.

நான் அவனுக்கு அவர்கள் மொழியில் பதில் சொல்லியிருந்தேன்.

கீழே, படியில், ஒரு சத்தம். டிங்... ஸ்பூன் தட்டில் படும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது. இருட்டில் பயந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாமே வெளிச்சத்தில்தான் நடந்தது.

8.41. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்த மேசை, பக்கத்திலேயே கதவு. மேசை முன் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். இன்னொரு நாற்காலி எனக்குப் பின்னால், அதில் என் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. அதைத் துணி போடுவதற்கென்றே வைத்திருந்தேன்.

9.05. வராந்தாவில் காலடி. செருப்பு இல்லாத கால். மெதுவாக.

டிங்... டிங்...

ஒவ்வொரு கதவிலும் நின்று நின்று வந்தது.

என் கதவில் நின்றது.

நான் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.

மூக்கில் அந்த வாடை ஏறியது. அவித்து நாள் கழிந்த முட்டை.

கதவுக்கு வெளியே இருந்து இல்லை.

பின்னால்...

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. காய்ச்சல்காரன் விடுகிற மாதிரி, சூடாக, சின்னச் சின்னதாக.

"அந்த ஆள் போயாச்சா?"

என் மொழியில்.

நாற்காலியில் கிடந்தது என் துணி. கையை நீட்டித் தள்ளினால் போதும். உட்கார் என்று ஒரே ஒரு வார்த்தை. எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் எனக்குத் தெரியும்.

வாய் வரவில்லை.

அவன் காத்திருந்தான்.

9.12... 9.16...

9.20.

"சரி."

தரையில் தட்டை வைக்கும் சத்தம். டங்...

காலடி விலகிப் போனது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

விடிகிறவரை என் நாற்காலியில் சிலையாக உட்கார்ந்திருந்தேன். 6.30-க்குத் திரும்பினேன். துணிக்குவியல் அப்படியே இருந்தது. அந்த நாற்காலிக்குக் கீழே ஒரு மெஸ் தட்டு. சோறு கல்லாகக் காய்ந்திருந்தது. முட்டையில் ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மெஸ்ஸில் தட்டு கழுவுகிற அண்ணன் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒவ்வொரு தட்டின் அடியிலும் எண் வெட்டியிருக்கும். தினமும் இரவு எண்ணி, குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர் முட்டையைப் பார்த்தார். தட்டைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்தார். 212. அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சொன்னார். போன வருஷம் ஒரு பையன். என்னை மாதிரியே வெளி மாநிலம். உட்கார இடம் கேட்டுக் கேட்டு அலைவான், கிடைக்காது, தட்டோடு அறைக்குப் போய்விடுவான். கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்பதால் இவரும் விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல காய்ச்சலோடு வந்து வாங்கிப் போயிருக்கிறான். தட்டு வரவில்லை. திங்கள் எண்ணினார், ஒன்று குறைந்தது. செவ்வாய் எண்ணினார், குறைந்தது. புதன்கிழமை சம்பளத்துக்குப் பயந்து அவரே தேடிக்கொண்டு மாடியேறினார்.

"கதவ ஒடச்சப்போ நாற்காலில உக்காந்திருந்தான் தம்பி. மடில தட்டு. தொடவே இல்ல."

வகுப்பில் தேடவில்லை. மேசைகளில் தேடவில்லை. வார்டன் தேடவில்லை. முந்நூறு பேர் இருக்கிற விடுதியில், மூன்று நாள், ஆள் குறைந்ததை ஒருத்தனும் எண்ணவில்லை. தட்டு குறைந்ததை எண்ணினார்கள்.

எந்த அறை என்று கேட்டேன். மூன்றாம் மாடி, கடைசி என்றார். நான் துணி போட்டு வைத்திருந்தது அவனுடைய நாற்காலி.

"அப்ப இந்தத் தட்டு?" என்றேன்.

அவர் அதைப் பார்க்காமலே சொன்னார். "அத நானே சுத்தியால நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டேன் தம்பி. என் கையால."

காலைச் சாப்பாட்டு நேரத்தில் கேப்டனிடம் போனேன். போன வருஷம் அந்தப் பையன் உங்கள் மேசையில் இடம் கேட்டானா என்றேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "எத்தனையோ பேர் கேப்பாங்க. யாருக்குடா ஞாபகம்?"

அவன் பையை எடுத்துத் தரையில் போட்டேன். கை ஓங்கிவிட்டேன். ஆனால் அடிக்கவில்லை. எந்த முகத்தோடு அடிப்பது? அதே சொல்லை, அதே உச்சரிப்போடு, நானும்தானே சொன்னேன்.

ஊருக்குப் போகவில்லை. நாலு வருஷமும் அந்த அறையிலேயே இருந்து முடித்தேன். வாசல் பக்க மேசை ஒன்றில் உட்கார்ந்தேன். யார் தட்டோடு வந்து நின்றாலும் தள்ளி உட்கார்ந்தேன். அறையில் அந்த நாற்காலியின் மேல் ஒரு கைக்குட்டைகூட வைத்ததில்லை. புதன்கிழமை இரவுகளில் கதவைத் தாழிடாமல், என் மொழியில், சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். "ஆள் யாரும் இல்ல. வா, உக்காரு."

அவன் வரவே இல்லை.

அவனுக்கு நான் ஒரு நாற்காலி தர வேண்டும். இன்னும் தரவில்லை.