தாடையில் தெரிகிற டிப்

1. முதல் நாள்

எனக்குப் பில்லியர்ட்ஸ் கிளப்பில் வேலை கிடைத்ததே தோல் வேலை தெரியும் என்பதால்தான். அதற்கு முன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட் தைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஸ்டிக்கால் பந்தை அடித்து மேசைக் குழியில் தள்ளுகிற அந்த ஆட்டம் என்னவென்றே தெரியாது. சேலம் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசை போட்டிருந்தார்கள். மேசையைத் துடைக்க வேண்டும், பந்தை அடுக்க வேண்டும், ஸ்டிக்குக்கு டிப் மாற்ற வேண்டும் என்றார் ஓனர்.

டிப் என்பது ஸ்டிக் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் துண்டு. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். பந்தைத் தொடுவது அது மட்டும்தான். பாக்கி நீளமெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு.

அன்றைக்கே ஒரு டிப் ஒட்டினேன். சீட்டுக்கு ரெக்சின் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவினேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன். கோழித்தீவன வியாபாரி ஒருவர் அந்த ஸ்டிக்கில் பிரேக், அதாவது ஆட்டத்தின் முதல் அடி, அடித்தார். டிப் பாதிக்கு நகர்ந்துவிட்டது. வெள்ளைப் பந்து மேசையை விட்டு எகிறி ஜன்னல் ஓரம் உருண்டது. ஓனர் டிப்பை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஏப்பா, லாரி சீட்டுன்னா அமுங்கோணும். இது நகரலாமா?"

அவ்வளவுதான் சொன்னார். வைதிருந்தால் மறந்திருப்பேன்.

சீட் சொல்யூஷன் காய்ந்தாலும் உள்ளே இளக்கமாகவே இருக்கும். டிப்புக்குக் கல்லாகக் காய்கிற பசை வேண்டும். பாடி பட்டறையிலிருந்து இந்த வேலைக்கு வருகிற எவனும் முதலில் இந்தத் தப்பைத்தான் செய்வான். நீங்களும் செய்வீர்கள். செய்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

2. எது யாருக்கு

சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று மூன்று உண்டு. சாஃப்ட் பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து விடும். பந்தைச் சுழற்றி ஆடுகிறவருக்கு அது வேண்டும். ஹார்டு பட்டதும் தள்ளிவிடும். பலமாக அடிக்கிறவருக்கு அது சரி. மீடியம் இரண்டுக்கும் நடுவில்.

எங்கள் ஊரில் எல்லோரும் ஹார்டுதான் கேட்பார்கள். லாரிக்காரர், போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர், கோழிப் பண்ணைக்காரர், யாரானாலும் சரி. "சாஃப்ட்டெல்லாம் நமக்கெதுக்குங்க" என்பார்கள். நான் ஒரு ஆட்டம் பார்ப்பேன். மெதுவாகத் தள்ளி ஆடுகிற ஆளாக இருந்தால் சாஃப்ட்டையே ஒட்டிக் கொடுத்துவிடுவேன். மறுநாள் வந்து, "பாத்தீங்களா, ஹார்டுன்னா ஹார்டுதான்" என்பார். தலையை ஆட்டிவிடுவேன்.

ஒட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, மேல்பக்கத்தை லேசாகக் குவித்து முடித்ததும் ஒரு பந்து அடித்துச் சத்தம் கேட்பேன். 'டொக்' என்று சுத்தமாக வந்தால் சரி. 'சதக்' என்றால் பசை எங்கோ பிடிக்கவில்லை. பல வருடம் காதை வைத்துத்தான் வேலை பார்த்தேன். காது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

3. மாரப்பன்

மாரப்பன் மோகனூர்க்காரர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். வட மாநிலமெல்லாம் போய்ப் போர் போட்டுவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் முடியாது என்று ஊருக்கு வந்துவிட்டார். அதே வண்டியில் டிரைவராக இருந்தவர் ரத்தினம். இரண்டு பேரும் மத்தியானம் வருவார்கள். ஓரத்து மேசையில் ஆடுவார்கள்.

ரத்தினம் ஓயாமல் பேசுவார். மாரப்பன் வாயே திறக்க மாட்டார். ரிக்கில் கம்ப்ரசர் ஓடும்போது பேசினால் கேட்காது. கையை உயர்த்தினால் ஒன்று, விரலைச் சுழற்றினால் ஒன்று என்று எல்லாம் கைச்சாடைதான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஆட்ட விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். நாங்கள் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

மாரப்பன் எப்போதும் ஒரே ஸ்டிக்கைத்தான் எடுப்பார். அதன் டிப் தேய்ந்து தேய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டது. டிப்புக்குக் கீழே இருக்கிற பூண் பந்தில் இடித்தால் வெடித்துவிடும். அதனால் ஒரு நாள் மாற்றினேன். நல்ல மீடியம்.

இரண்டு அடி அடித்தார். என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "சரியில்லைங்க" என்றார். சாஃப்ட் ஒட்டினேன். அடித்தார். திரும்பக் கொடுத்தார். ஹார்டு ஒட்டினேன். அதற்கும் "சரியில்லைங்க."

ரத்தினம் சும்மா இருக்கவில்லை. "இவனுக்குப் பொண்ணு பாக்கறப்பவும் இதே கதைதானுங்க. ஊடு ஊடா ஏறி எறங்கி, நாங்க தின்ன பஜ்ஜிக்குக் கணக்கே இல்லீங்க" என்றார்.

மெதுவாக அடிக்கும்போது சரியில்லையா, பலமாக அடிக்கும்போதா என்று நான் மாரப்பனைக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "மூணேமுக்கால் பஸ்ஸுங்க" என்றார்.

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஸ்டிக்கை ஸ்டாண்டில் வைத்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வரவில்லை. ரத்தினம் மட்டும் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். தனியாக என்ன ஆடுவது என்பார்.

4. சம்பூர்ணம்

ஒரு காலையில் மேசைத் துணிக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தேன். படி முடிகிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. எங்கள் கிளப்புக்குப் பெண்கள் வருவதில்லை. மாரப்பன் வீட்டுக்காரி சம்பூர்ணம் என்றார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டேதான் பேசினார்.

"அவருக்குக் காது போயிருச்சுங்ணா. அந்த மிசினுக்குப் பக்கத்துலயே நின்ன ஆளு. பையன் காது மிசின் வாங்கிக் குடுத்தான். போட்டா எரைச்சலாக் கேக்குதுன்னு கழட்டி வெச்சுட்டாரு. கண்ணாலங்காச்சிக்கு வரதில்லை. எழவுக்கும் வரதில்லை. யாராச்சும் பேசி, இவரு ஒண்ணு சொல்லி, அவுங்க சிரிச்சாங்கன்னா அத்தோட அந்த ஊட்டுப் பக்கமே போறதில்லைங்க. இங்க ஒண்ணுக்குத்தான் வந்துட்டிருந்தாரு. இப்ப அதும் வேண்டாம்னு ரூமுக்குள்ளயே படுத்துக் கெடக்கறாரு."

ரத்தினத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் சொல்லவில்லை என்றார். காது கேட்காதவனை எவன் ஆட்டத்துக்குச் சேர்ப்பான் என்று மாரப்பனுக்குப் பயமாம்.

இறங்கும்போது திரும்பி நின்றார்.

"முன்னெல்லாம் பந்தை அடிச்சா தாடையில ஒரு தட்டுத் தட்டுமாமுங்க. இப்ப ஒண்ணுமே தெரியலையாம். அது என்னன்னு எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரியுமான்னு கேக்கத்தானுங்க வந்தேன்."

தான் வந்தது மாரப்பனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. பஞ்சு

மாரப்பன் நன்றாகக் குனிந்து ஆடுகிறவர். தாடை ஸ்டிக்கின் மேல் படிந்திருக்கும். கேட்காத சத்தம் அந்த வழியாக அவருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பழைய டிப் தேய்ந்து மெலிந்து இறுகிக் கிடந்ததால் அடி அப்படியே மரத்தில் ஏறியிருக்கிறது. நான் ஒட்டியதெல்லாம் புது டிப். தடிமன். தோல் பாதி அடியைத் தின்றுவிடும். ஹார்டு என்றாலும் தின்னும்.

காதை வைத்து இதைப் பிடிக்க முடியாது. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அவர் மாதிரியே தாடையை ஸ்டிக்கில் வைத்தேன். சாஃப்ட்டில் ஒன்றுமே தெரியவில்லை. ஹார்டில் எங்கோ பக்கத்து வீட்டில் கதவு தட்டுகிற மாதிரி இருந்தது. அதே ஹார்டு இன்னொன்றை எடுத்து, இடுக்கிப் பிடிக்கிற வைஸில் இறுக்கி ஒரு நாள் முழுக்க விட்டேன். அரைக்கு அரை அமுங்கியது. ஒட்டி, பூணுக்குப் பாதகமில்லாத அளவுக்கு ராவினேன்.

அதில் ஒரு சங்கடம் வந்தது. அவ்வளவு இறுகிய தோலில், டிப்புக்குப் பூசுகிற சாக் பொடி நிற்காது. டிப் பந்தில் வழுக்கும். உப்புத்தாளால் மேல்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, சாக் போட்டு, அடித்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓனர் ஒரு தடவை மேலே வந்து ஏதோ கேட்டிருக்கிறார். காதில் விழவில்லை. தோளைத் தட்டித் திருப்பினார். காது வலி என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டிக் தயாராகிவிட்டது, மாரப்பனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ரத்தினத்திடம் சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் படியேறி வந்தது எனக்குத் தெரியவில்லை. குனிந்து கடைசியாக ஒரு பந்து அடித்தேன். தாடையில் 'டொக்' என்று விழுந்தது. நிமிர்ந்தால் மாரப்பன் எதிரே நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சை எடுக்கத் தோன்றவில்லை. ஸ்டிக்கை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். குனிந்தார். தாடையைப் படிய வைத்து மெதுவாக ஒரு அடி அடித்தார். பந்து எங்கே போனது என்று அவர் பார்க்கவே இல்லை. தாடையை எடுக்காமல் அப்படியே இருந்தார். நானே பந்தை உருட்டிவிட்டேன். அடித்தார். இன்னொன்று உருட்டினேன். அதையும் அடித்தார். அவர் நிமிர்ந்த பிறகுதான் பஞ்சை எடுத்தேன்.

"தெரியுதுங்க" என்றார்.

பிறகு கேட்டார். "அவ வந்தாளா?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினேன்.

சாக் கட்டியைக் கையில் உருட்டினார். பிறகு ரத்தினம் பக்கம் திரும்பினார். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

"ரத்தினம், எனக்குக் காது கேக்கறதில்லைடா."

மூன்று மேசையும் நின்றுவிட்டது.

"அப்ப இத்தனை வருசமா நா வஞ்சதெல்லாம் வீணாடா?" என்றார் ரத்தினம். சொன்ன பிறகுதான் அது மாரப்பனுக்கு எட்டாது என்று உறைத்திருக்க வேண்டும். கிட்டே போய் மாரப்பன் தோளில் கையை வைத்தார். ரிக்கில், வேலையைத் தொடங்கி ராடு இறக்கலாம் என்பதற்கு உள்ளங்கையைக் கீழே காட்டுவார்களாம். அதைக் காட்டினார். மாரப்பன் பந்தை அடுக்கப் போனார்.

6. இதில் நான் தெரிந்துகொண்டது

டிப் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன சரியில்லை என்று இப்போது நான் கேட்பதில்லை. அவர் எப்படி நிற்கிறாரோ அப்படி நின்று, எங்கே பிடிக்கிறாரோ அங்கே பிடித்து அடித்துப் பார்க்கிறேன். சாஃப்ட்டா ஹார்டா என்பது அதற்குப் பிறகுதான். டிப் வருகிற டப்பாவில் எழுதியிருப்பது தோலைப் பற்றித்தான். ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

வைஸில் அமுக்கிய டிப் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று எப்போதும் அமுங்கிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

மாரப்பன் இப்போது வாரத்தில் பாதி நாள் வருகிறார். ரத்தினம் இல்லாத அன்றும் வருகிறார். யாரோடு வேண்டுமானாலும் ஆடுகிறார். அவர் முறை வந்தால் யாரும் குரல் கொடுப்பதில்லை, தோளைத் தொடுவார்கள். புதிதாக வந்த ஆள் யாராவது தெரியாமல் "ஏனுங்க, ஏனுங்க" என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து மேசைக்காரர் தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, ஒரு விரலால் அவரைத் தொட்டுவிட்டுப் போவார்.