சாவி மகேஸ்வரியிடம் இருக்கிறது

2003, தை மாதம். காலை ஆறே முக்காலுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். புதூருக்குப் பதினாலு ரூபாய். இறங்கி மேற்கே நாலு கிலோமீட்டர் நடை. மழையில்லாமல் கரிசல் மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வழியில் ஆடு மேய்த்தவர், "நிவாரணம் எழுத வந்தியளா?" என்றார். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்பதரைக்கு ஊர். இங்கே இளவட்டங்கள் செய்யும் காரியத்தைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவன் நான். போன வருஷம் இந்தச் சின்ன ஊரில் மூன்று விவசாயச் சம்சாரிகள் பூச்சி மருந்தால் உயிரை விட்டார்கள். அதன்பிறகு இளவட்டங்கள் பத்துப் பேர் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். அடுப்படியிலும் பரணிலும் இருந்த மருந்தையெல்லாம் வாங்கிப் பழைய ரேஷன் கடை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தெளிக்க வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். ஆனால் இவர்களில் ஒருவர் வயல்வரை கூடப் போய், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவருவார். சாவி மகேஸ்வரியிடம். இருபது வயது. இறந்த மூவரில் ஒருவர் அவளுடைய அப்பா.

பதினோரு மணிக்கு அவளுடைய பெரியப்பா சுப்பையா வந்தார்.

"ஏட்டி மகேசு, ஒரு லிட்டர் எடு. பருத்தியில புழு விழுந்துட்டு."

"எடுக்கேன் பெரியப்பா. நானும் கூட வாரேன்."

"வெயில்ல நீ எதுக்கு? எங்கிட்டக் குடு."

"ஊர்க்கூட்டத்துல இதுக்கு நீங்களுந்தான கை தூக்குனிய?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. வயதில் பெரியவரை இப்படியா நிறுத்தி வைப்பது! "கொடுத்து அனுப்பேன்மா" என்று சொல்லியும் விட்டேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. பாட்டிலைத் தன் பையில் போட்டுக்கொண்டு பெரியப்பாவோடு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

அவருடைய பருத்திக் காட்டில் பருத்தி இல்லை. கருகிய குச்சிதான் வரிசையாக நின்றது. ஓர் இலைகூடக் கிடையாது.

"எதுல அடிக்கப் போறீய பெரியப்பா?"

அவர் வரப்பில் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நான் சொன்ன சொல் என் நெஞ்சிலேயே வந்து குத்தியது. பாவி, சாவி என் கையில் இருந்திருந்தால் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா கேட்டப்போ நாந்தான் பெரியப்பா எடுத்துக் குடுத்தேன். ஒரு வார்த்த கேக்கல" என்றாள். வெகுநேரம் கழித்து அவரைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி ஊற்றினாள். இனி தினமும் இரண்டு பேர் முறை போட்டு அவர் வீட்டில் படுப்பதாகப் பையன்கள் சொன்னார்கள்.

"உங்க பெரியப்பா தேறிவிடுவாரா?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"இன்னைக்கு இருக்காவ அண்ணாச்சி" என்றாள்.

மாலை ஐந்துக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் உரக்கடை. மனசு கேட்கவில்லை, இங்கே ஏதாவது கேட்பார்களா என்று பார்க்கக் கடைக்குள் ஏறினேன். பருத்திக்கு ஒரு லிட்டர் மருந்து என்றேன். செடி வைத்து அறியாதவன் நான். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்து வைத்தார்.

"பையில போட்டுத் தரவா அண்ணாச்சி?"

அவர் கேட்டது அது ஒன்றுதான்.