மேகசினில் ஒட்டிய சந்தனம்

ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. மயிலாப்பூர் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிறேன். ரைஃபிளைத் துடைப்பேன், எண்ணெய் விடுவேன், மெம்பர் கேட்டால் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி பீரோவில் வைப்பேன்.

ரைஃபிளுக்கு அடியில் செருகும் சின்ன இரும்புப் பெட்டிதான் மேகசின். ஐந்து ரவை, அதாவது தோட்டா, பிடிக்கும். உள்ளே ஸ்பிரிங். எங்களிடம் இருந்ததெல்லாம் ஸ்பிரிங் செத்தவை. ஒரிஜினல் கிடைக்கவில்லை. செக்ரட்டரி வேறு கம்பெனியில் பத்து வரவழைத்தார். அதற்கு எங்கள் பேச்சில் வெளி சரக்கு என்று பெயர். வெளி சரக்கு என்றால் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சரக்கு வந்தது. பூஜையன்று ரைஃபிள், ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். புது மேகசினுக்கும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் துடைத்துவிட்டுச் சோதிக்க உட்கார்ந்தேன்.

பெரிய வித்தை இல்லை. செருகினால் டக்கென்று கேட்கவேண்டும். பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. அதைக் கடித்துப் பிடிக்கும் கொக்கியை அமுக்கினால் தானாகக் கையில் விழவேண்டும். அப்புறம் மருந்தில்லாத டம்மி ரவை ஐந்து போட்டு, ரவையைக் குழாய்க்குள் ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டும். ஐந்தும் சிக்காமல் போகவேண்டும்.

மூன்றில் டக் வரவில்லை. மற்றதைப் பார்ப்பதற்கு முன்பே செக்ரட்டரிக்குப் போன் போட்டேன்.

"சார், வெளி சரக்கு புத்தியக் காட்டிடுச்சு. மூணு உக்காரல."

"நான் அப்பவே நெனச்சேன். பத்தையும் கட்டி வைப்பா. சாயங்காலம் ஆத்துலேர்ந்து வரச்சே எடுத்துண்டு போய்த் திருப்பிடறேன்."

கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மெம்பர் வந்தார். திருவல்லிக்கேணிக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண். ஞாயிறு அன்று டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஐந்து ரவை சுடவேண்டும். போன வருஷம் பழைய மேகசின் மூன்றாவது ரவையில் சிக்கி அவருக்கு இடம் போனது.

"இன்னாண்ணா, மூட்ட கட்டிக்கினு கீறே?"

"திரும்பப் போவுது மா. உக்காரல."

"அப்போ நானு? இந்தத் தபாவும் மூணாவது ரவையில நின்னுக்கினு முழிக்கணுமா?"

அவர் ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கொக்கி கடிக்கும் பள்ளத்தில் நகத்தை விட்டுச் சுரண்டினார். நகத்தை என்னிடம் நீட்டினார். காய்ந்த சந்தனம். நுனியில் சிவப்பு.

"ஏண்ணா, அங்க கம்பெனிலயே பொட்டு வெச்சி அனுப்புறானா?"

மேலே துடைத்திருக்கிறேன். பள்ளத்தில் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

பல் துலக்கும் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். ஈரம் போகத் துடைத்து எண்ணெய் விட்டேன். மூன்றும் டக்கென்று உட்கார்ந்தன. பத்தையும் டம்மி போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் நாலாவது ரவை தலை குனிந்து நின்றது. ரவையைப் பிடிக்கும் மேல் விளிம்பு வளைந்திருந்தது. அது நிஜமாகவே கோளாறு.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார்.

"நானே சொல்றேன்."

மறுபடி போன் போட்டேன். செக்ரட்டரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமி குத்தமா, உன் குத்தமாப்பா?"

"என் குத்தம் சார். ஒண்ணு மட்டும் கம்பெனி குத்தம்."

"அந்த ஒண்ண மட்டும் கட்டு. இனிமே துடைச்சிட்டு அப்புறம் எனக்கு போன் பண்ணு."

அன்றைக்கே அந்தப் பெண் ஒரு மேகசினை எடுத்துக்கொண்டு, நிஜ ரவையைப் பத்து முறை நிரப்பிச் சுட்டுப் பார்த்தார். நான் பின்னால் நின்று எண்ணினேன். ஐம்பதும் சிக்காமல் போயின. அந்த மேகசினை அவருக்கென்று தனியாக எடுத்து வைத்தேன்.

ஞாயிறு அன்று ஐந்தும் நிற்காமல் போயின. டீமில் கடைசி இடம். இடம்தான். மேகசினைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நிக்கலண்ணா" என்றார். வாங்கி வைத்தேன்.

அடுத்த வருஷ பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"பீரோவுக்கு வெய்ண்ணா. அதுக்கு மட்டும்."

பீரோவுக்கு வைத்தேன்.