கனடா ஜக்கெற் போட்ட லச்சுமி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம், மானிப்பாயில் எங்கள் வளவுக்குள் நடந்தது இது. கடலில் புயல் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழையும் புயலும் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தமுறை மழையோடு ஒரு கூதல் வந்தது பாருங்கள், அப்படி ஒன்றை நான் என் ஆயுளில் கண்டதில்லை. இரண்டு சேலையைச் சுற்றிக்கொண்டு இருந்தும் பல் கிடுகிடுத்தது. கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குச் சொன்னால், "உதெல்லாம் ஒரு கூதலே அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ" என்று சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்ன, வீட்டுக்குள் ஹீற்றர் இருக்கிறது. எங்கள் லச்சுமிக்கு நாலு பக்கமும் திறந்த கொட்டில்தானே.

லச்சுமி எங்கள் பசு. அப்போது தலைப்பிரசவம், நிறைமாதம். கணவர் கொழும்பில் வேலை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் நான் நாள் முழுக்க வாய் திறந்து கதைப்பதே அவளோடுதான்.

பக்கத்து வளவில் ஒரு அண்ணை தனியே இருக்கிறார். அவரோடு எங்களுக்குப் பல வருடமாகக் கதைபேச்சு இல்லை. காரணம் வேலி. வேலி அடைக்கிறேன் என்று எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி அடைத்துவிட்டார். அன்று காலையிலும் வேலிக்கு அந்தப்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இந்த மழைக்குள்ளும் மனுசன் வேலிக்குக் கதியால் நடக் குழி வெட்டுகிறார், இன்னும் ஒரு முழம் போகப்போகிறது என்று எனக்குள் திட்டிக்கொண்டே வைக்கலைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

லச்சுமி விழுந்து கிடந்தாள். சாரல் அடித்து உடம்பெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது. காதைத் தொட்டேன், ஐஸ் போலிருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் மெல்லத் திருப்பினாள். மிருக வைத்தியருக்கு அழைத்தேன். "அம்மா, எல்லா இடமும் மாடுகள் விழுந்துகொண்டிருக்கு. இப்ப வரேலாது. துடைச்சுக் காயவைச்சுச் சூடாக்குங்கோ, எப்பிடியும் எழுப்பப் பாருங்கோ" என்றார். நான் ஒருத்தி அவளை எப்படி எழுப்புவது? வயிற்றுக்குள் கன்று வேறு. தலையை மடியில் வைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லிச் சொல்லிக் குழறி அழுதேன்.

அப்போதுதான் வேலி சரசரவென்று பிரிகிற சத்தம் கேட்டது. வேலி ஓலைக் கிடுகை இழுத்து விழுத்திவிட்டு, முழங்கால்வரை சேறோடு அந்த அண்ணை வந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு பெரிய ஜக்கெற். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் விமானத்தால் இறங்கினதும் கழற்றி இங்கேயே விட்டுப்போவார்களே, அந்த ஜக்கெற். எங்கள் ஊரில் அது இல்லாத அலுமாரி குறைவு.

என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. நேரே மாட்டிடம் போய்க் குந்தினார்.

"லச்சுமி, உன்ரை வீட்டுக்காரியிட்டைச் சொல்லு, காய்ஞ்ச சாக்கும் வேர்க்கொம்புத் தண்ணியும் கொண்டுவரச் சொல்லி."

எனக்கும் ரோசம் விடவில்லை. "சாக்கு இந்தா இருக்கு, தண்ணி இப்ப கொதிக்குமெண்டு சொல்லு லச்சுமி" என்று மாட்டுக்கே சொல்லிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இருவருமாகச் சாக்கால் தேய்த்தோம். சட்டியில் சிரட்டைத் தணல் கொண்டுவந்து வைத்தோம். சுக்கும் பனங்கட்டியும் போட்ட அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். அவர் ஜக்கெற் இரண்டையும் அவள் முதுகில் போட்டு, அவற்றின் கைகளை நெஞ்சுக்குக் கீழே முடிச்சுப் போட்டார். கனநேரம் ஒரு அசைவும் இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. திடீரென்று லச்சுமிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. முடியப்போகிறது என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் மட்டும் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார். "நடுங்கடி பிள்ளை, நல்லா நடுங்கு. காலமை என்ரை கண்டுக்குட்டி நடுங்கிறதை நிப்பாட்டினவுடனை, சுகமாயிட்டுதாக்குமெண்டு நினைச்சிட்டன். கொஞ்ச நேரத்திலை அது செத்துப்போட்டுது, பிறகு தாயும் போட்டுது. உந்த ஜக்கெற் அலுமாரிக்குள்ளை கிடந்தது அப்ப எனக்கு நினைவு வரேல்லையடி."

காலையில் நான் கேட்ட மண்வெட்டி வேலிக்கு வெட்டவில்லை. ஒரு தாயையும் கன்றையும் புதைக்கக் குழி வெட்டியிருக்கிறது.

பிறகு வயிற்றுக்குக் கீழே சாக்கை விட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். இரண்டு தரம் சரிந்தாள். அடுத்த தரம் நாலு காலிலும் நின்றுவிட்டாள். நான் நன்றி சொல்ல வாயெடுக்குமுன் அவர் பிரித்த வேலியால் போய்விட்டார். அந்தப்பக்கம் அவருக்குக் குழியை மூடும் வேலை பாதியில் கிடந்தது.

நாலு நாளில் லச்சுமி கன்று போட்டாள், நாகு, பெண் கன்று. அடுத்த மாதம் பட்டிப்பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி மாலை போட்டபின், அந்தப்பக்கம் வெறுமையாகக் கிடந்த கொட்டிலைப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அவர் அன்று பிரித்த வேலிப் பொட்டுக்குள் நின்று கூப்பிட்டேன்.

"அண்ணை, லச்சுமிக்குப் பொட்டு வைக்க வாறியளே?"

இந்தமுறை என்னைப் பார்த்தே சொன்னார். "ஓம் பிள்ளை, வாறன்."

வேலியை அவர் தள்ளித்தான் அடைத்தார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதன்பிறகு அந்தப்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டால், நான் எனக்குள் திட்டிக்கொண்டு போவதில்லை, கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போய், "என்ன அண்ணை, என்ன வெட்டுறியள்?" என்று கேட்டுவிடுகிறேன்.