ஸ்டேஷனிலிருந்து தள்ளி ஒரு வீடு

கல்யாணமான புதிதில் என் மனைவியின் முகத்தை நான் அதிகம் பார்த்தது அவள் தூங்கும்போதுதான். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள். நாங்கள் குடியிருந்தது பெரம்பூரில். எனக்கு வேலை ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். கம்பெனி பஸ் பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் உள்ளே எல்லாத் தலைகளும் சாய்ந்திருக்கும். தினமும் செம்பரம்பாக்கம் வழியாகப் போய் வந்தேன். ஏரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டிருக்கலாம். பிடித்திருந்ததுதான் சிக்கல். என்ஜினியரிங் முடித்த கையோடு வெல்டிங் ரோபோக்கள் நிற்கும் லைனில் சேர்ந்தவன் நான். அந்த இரும்புக் கை திரும்பும் கோணத்தைத் துளி மாற்றினால் என்ன ஆகும் என்று, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். அம்பத்தூர் பக்கம் வேறு வேலை தேடட்டுமா என்று கேட்டபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்த மெஷினைப் பத்திப் பேசும்போதுதான் நீ முழுசா முழிச்சிக்கினு கீற. அதையும் வுட்டுட்டா எனக்கு இன்னா மிச்சம்?"

சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபோனால் எனக்கு ஷேர் ஆட்டோ தூரம்தான். ஆனால் அவளுக்கு எழும்பூரில் வேலை, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அவ்வளவு தூரமும் அவள் மின்சார ரயிலில் போய் வர வேண்டும். என் முதுகில் இருப்பதை இறக்கி அவள் முதுகில் ஏற்றுகிற மாதிரி. நடுவில் தாம்பரம் இருக்கிறதே என்று அவசரமாக ஒரு யோசனை சொன்னேன்.

"ஆளுக்குப் பாதி பாதி தூங்கலாம்னு சொல்றியா?" என்று சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் வீடு பார்க்கப் போனோம். அந்த வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட். உள்ளே நுழைந்ததுமே கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று சுவர் சுவராகக் கையால் அளக்க ஆரம்பித்துவிட்டேன். ஜன்னல் ஓரம் காற்று வருமா என்று பார்க்கத் தரையில் உட்கார்ந்து சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது கழுத்துக்கு அடியில் அவளுடைய துப்பட்டா மடித்து வைக்கப்பட்டிருந்தது. சமையலறையில் வீட்டுக்கார அம்மாவின் குரல்.

"எழுப்பாதம்மா. கம்பெனிப் புள்ளைங்களே இப்படித்தான். முன்னாடி இருந்த பையன் கேட்டைப் புடிச்சிக்கினே தூங்குவான். நான் போய்த் தொறந்து வுடணும்."

"வூடு பாக்க வந்து, குடியே வந்துட்டாரு எங்க வூட்டுக்காரரு," என்றாள் என் மனைவி.

அந்த அம்மா சிரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு குறைதாம்மா. ஸ்டேஷன்ல இருந்து தள்ளி கீது. ஏரிக்கரையைச் சுத்திக்கினு வரணும். தம்பிகிட்ட வண்டி கீதுல்ல? வந்து இட்டுக்கினு வந்துடுவாரு."

நான் எழுந்து போய், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஏதாவது பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். என் மனைவி என்னைப் பார்க்காமல் அந்த அம்மாவிடம், "இந்த வூடே இருக்கட்டும்மா," என்றாள்.

தெருவுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"ரயில்ல நானும் உன்ன மாதிரி ஆயிடுவேன்பா. உக்காந்தா தூக்கம். வூட்டுக்கு வந்தா சோறு, மறுபடியும் தூக்கம். நடக்கும்போது மட்டும் யாரும் தூங்க முடியாதுல்ல. நீ ஸ்டேஷனுக்கு வா. வண்டி எடுத்துக்கினு வராத."

அடுத்த மாதமே குடிவந்துவிட்டோம். முதல் ஷிஃப்ட் வாரங்களில் சாயங்காலம் பிளாட்பாரத்தில் போய் நிற்பேன். வண்டி வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கும். கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடத்தோடு அவள் இறங்குவாள். படி இறங்கும்போதே நான் பேச ஆரம்பித்துவிடுவேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். "மெதுவாச் சொல்லு. இன்னும் தெரு கீது," என்பாள்.

இரண்டாவது ஷிஃப்ட் வாரங்களில் அந்த வழியை அவள் தனியாக நடக்கிறாள். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாயங்கால டீ இடைவேளையில் கப்பைப் பிடித்துக்கொண்டு கேன்டீன் வாசலில் நிற்பேன். இப்போது படி இறங்கியிருப்பாள். இப்போது கடைத்தெரு. இனி ஏரிக்கரை, அங்கே அவள் தண்ணீர்ப் பக்கமாகத்தான் நடப்பாள், வண்டிகள் வரும் பக்கம் என்னுடையது. அந்தப் பக்கத்தில் இன்று ஆள் இல்லை. என்ன யோசித்துக்கொண்டு போவாளோ. அதற்குள் மணி அடித்துவிடும். வீட்டு வாசல்வரை அவளை மனதால்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு இதுவரை நேரம் கிடைத்ததில்லை.