ஒரு பக்கம் திறந்த வளைவு

அக்காவின் கணவர் இறந்தது 1942 ஆடியில். ஆவணிக் கடைசியில் அவள் காரிமங்கலத்துக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தேதிகளைப் பிசகாமல் நினைவில் வைப்பது என் பழக்கம். ஆனால் இந்த விஷயத்தில் மாதங்கள் தவிர வேறெதுவும் எனக்கு நிச்சயமில்லை.

கல்யாணத்தால் நின்றுபோன படிப்பை முடித்து, மார்ச்சில் தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, ஆசிரியப் பயிற்சியில் சேர வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஏரியூரில் இருந்த மாமியார் வீட்டார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேலத்தில் இன்டர்மீடியட் படித்த நான் மார்கழி விடுமுறையில் அவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தேன்.

பக்கவாட்டில் படுத்த பாரபோலா என்ற வளைவில்தான் தடுமாறினாள். y² − 4y − 4x + 8 = 0 என்று கொடுத்தால், ஒய் உள்ளவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, இருபுறமும் நான்கைக் கூட்டி, (y − 2)² = 4(x − 1) என்று மாற்றிவிடுவாள். வளைவின் முனை (1, 2) என்பதும் வந்துவிடும். வரையும்போது மட்டும் மேல் பாதியோடு நிறுத்திவிடுவாள். வர்க்கமூலத்துக்குக் கழித்தல் குறியும் உண்டு என்பது கைக்கு வரவில்லை.

யுத்த காலம். கட்டம் போட்ட தாள் தர்மபுரியிலும் கிடைக்கவில்லை. அதனால் சாணம் மெழுகிய பின்கட்டில் கோலமாவால் வரிசையாகப் புள்ளி வைத்தோம். அவள் கை அதில் பழகிய கை. எக்ஸ் இரண்டு என்றால் ஒய் நான்கும் உண்டு, பூஜ்யமும் உண்டு. முனைக்கு மேலே எத்தனை புள்ளியோ கீழேயும் அத்தனை என்று பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் வாய் திறந்த முழு வளைவு வந்தது. ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

கணவன் இறந்து வருஷம் திரும்பும்வரை பெண் கோலமாவைத் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மாட்டைப் பார்க்கப் பின்பக்கமாக வந்த பெரியப்பா அந்த வளைவைப் பார்த்து நின்றுவிட்டார்; அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அவர்தான் பெரியவர்.

"வாசல்ல போட்டா ஊரு பாக்கும்னு கொல்லையில போடறியா?"

"கோலமில்லீங்க பெரியப்பா, கணக்குங்க" என்றாள் அக்கா.

"புள்ளி வெச்சு இழுத்தா அது கோலந்தான். அதுலயும் மூடாம வுட்டிருக்கற. ஒரு சாவு போதாதா இந்த வூட்டுக்கு?"

மூடாத கோலத்தின் வழியே கெட்டது உள்ளே வரும் என்பார்கள். மறுநாள் விடியலில் அம்மா அந்த வளைவின் இரண்டு நுனிகளையும் சேர்த்து இழுத்து மூடியிருந்தாள். அக்கா அவளைக் கோபிக்கவில்லை.

"இது எவ்வளவு தூரம் போனாலும் சேராதும்மா. அப்படித்தான் வரையணும்."

"சேராதது நம்ம வூட்ல எதுக்குடி?" என்றாள் அம்மா. அவள் கண் சிவந்திருந்தது.

பெரியப்பா சந்தையில் யாரிடம் சொன்னாரோ, தை பிறந்ததும் ஏரியூரிலிருந்து மாமனார் வந்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. துக்கத்து வருஷத்தில் மருமகள் மாவு அள்ளினாள் என்று ஊர் பேசுவது தம் வீட்டுக்குச் சரிப்படாது, வருஷம் கழியும்வரை அவள் தங்களோடு இருக்கட்டும் என்றார். பரீட்சையை மட்டும் எழுதிவிட்டு வருகிறேன் என்று அக்கா கேட்டாள். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். அன்று மாலையே வண்டி கட்டினார்கள்.

பரீட்சை முடிந்த பிறகு கணக்குக் கேள்வித்தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏரியூர் போனேன். களத்தில் பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்து, தாளை வாங்கி, முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் தெரிஞ்சதுதான்" என்று திருப்பித் தந்துவிட்டு, புளியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.