ஜினோரிஸ் கேட்கும் முதல் கேள்வி

பேயோட்டும் சடங்குக்கு அழைக்க யார் வந்தாலும் ஜினோரிஸ் அண்ணன் நோய் என்னவென்று முதலில் கேட்கமாட்டார். "நோயாளியோட அம்மா வீடு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார். முப்பது வருடங்களாகப் பக்கத்து வீட்டிலிருந்து இதைக் கேட்கிறேன். அந்தக் கேள்வி பிறந்த இடத்திலும் நான் இருந்தேன்.

அவர் கடலோர மாத்தறைக்காரர். பலாங்கொடைப் பக்கம் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டார். அவர் ஊரில் பேயாட்டத்துக்கு நீண்ட யக்பெர மேளத்தை இரண்டு கைகளாலும் அடிப்பார்கள். எங்கள் சப்ரகமுவ மலைப்பக்கத்தில் தவுல என்னும் மேளம்தான். ஒரு பக்கம் கோல், மறுபக்கம் கை. அவர் வந்த புதிதில், எங்கள் பக்கத்துச் சடங்குகளை நடத்தும் ஹீன்பாபா கட்டாடி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கருவாட்டு வாசத்தக் கழுவிட்டு வந்து கோலப் பிடிடா."

கழுவிக்கொண்டார். ஐந்தே வருடங்களில் எங்கள் ஆட்களைவிட நன்றாகத் தவுல அடித்தார்.

அப்போதுதான் பொடிமெனிக்கே மாமியின் மருமகள் ஹேமமாலிக்குக் குழந்தை இறந்து பிறந்தது. அதன்பின் மூன்று மாதம் அவள் பேசவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் உடம்பில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாமி சடங்குக்கு ஏற்பாடு செய்தார்.

எல்லாம் எங்கள் ஊர் முறைப்படி குறையில்லாமல் நடந்தது. விடியும் நேரத்தில் முகமூடிப் பேய் வந்து கோமாளித்தனம் செய்யும். நோயாளி சிரித்தால் பிடித்தது விட்டதென்று அர்த்தம். ஹீன்பாபாவே முகமூடி போட்டு வந்தார். மாணிக்கக் குழியில் தலைகீழாக விழுந்த கதையைச் சொன்னார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின்னாலிருந்து ஹேமமாலியைத் தாங்கிக்கொண்டிருந்தவள் நான். அவள் முதுகு பலகைபோல இருந்தது.

தவுல அடித்துக்கொண்டிருந்த ஜினோரிஸ் அண்ணன் அவளையே பார்த்தார். கோலைக் கீழே வைத்தார். தவுலயை யக்பெரபோல இரண்டு கைகளாலும் அடிக்கத் தொடங்கினார்.

முகமூடிக்குள்ளிருந்து ஹீன்பாபா சீறினார். "என்னடா, கோல் முறிஞ்சிட்டா?"

"கோல் இருக்கட்டும். நீ எங்கேருந்து வாற, பேயே?"

"மலையிலேருந்து."

"பொய்! ஒன் மேல மீன் நாத்தம் குடலப் புரட்டுது. நேத்து வெலிகம சந்தையில மீன்காரியிட்ட அடி வாங்கினது நீதானே?"

பாயில் ஹேமமாலியின் குதிகால் தாளத்துக்கு அசைந்தது. அவளும் மாத்தறைப் பக்கத்து வெலிகமக்காரிதான். இரவு முழுக்க எங்களில் ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை. ஹீன்பாபாவும் அந்தக் காலைப் பார்த்திருக்க வேண்டும். உடனே குரலை மாற்றி அழ ஆரம்பித்தார்.

"ஆமா, அடிச்சாள்தான்! அழுகின மீனக் குடுத்திட்டாளேன்னு கேட்டேன், அதுக்குப்போய் அடிச்சிட்டாளே!"

"செவுளத் தூக்கிப் பாக்காமயா வாங்கின?"

இதைக் கேட்டது ஜினோரிஸ் அண்ணன் இல்லை. ஹேமமாலி.

பேய் முழங்காலில் விழுந்து, "செவுள் எங்கே இருக்குன்னே தெரியாது, தங்கச்சி!" என்று தன் காதைத் தூக்கிக் காட்டியது. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் மடியில் சாய்ந்து சிரித்து, பிறகு அழுது, பிறகு தண்ணீர் கேட்டாள்.

"மூணு மாசமா ஊட்டினவ நான். மகாராணி வாயத் தெறந்தது பேய்க்கிட்ட!" என்றார் பொடிமெனிக்கே மாமி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

ஹீன்பாபா முகமூடியைக் கழற்றினார். வியர்வை கொட்டியது. "கழுவிட்டு வான்னு சொன்னேன். நல்லவேளை, நீ சரியாக் கழுவல்ல," என்றார்.

அடுத்த மாதமே ஜினோரிஸ் அண்ணன் மாத்தறைக்குப் போய்த் தன் யக்பெரவைக் கொண்டுவந்தார். ஹீன்பாபா இப்போது இல்லை. ஹேமமாலிக்கு மூன்று பிள்ளைகள். சந்தையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஜினோரிஸ் அண்ணன் வீட்டுச் சுவரில் தவுலவும் யக்பெரவும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் எதைக் கழற்றுவதென்று முடிவு செய்கிறார்.